‘மலை’யை ‘மைல’ என்று வாசிக்கும் பிள்ளை: டிஸ்லெக்சியாவில் கண்ணின் பங்கு எவ்வளவு, வீட்டிலும் வகுப்பிலும் சோதித்து உதவுவது எப்படி

பிள்ளை ‘கதை’ என்ற சொல்லை ‘கைத’ என்கிறான். ‘பாடம்’ அவன் வாயில் ‘பரடம்’ ஆகிறது. பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது கண் கோளாறு. கண்ணாடிக் கடை, அப்புறம் கண் பயிற்சி, அப்புறம் வண்ணக் கண்ணாடி என்று ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடம்தான் பிள்ளைக்கு விலை மதிப்பானது.

இப்படித் தோன்றுவதற்கு ஒரு வரலாறும் உண்டு. அறிவில் குறையில்லாமலே வாசிப்பு மட்டும் தடுமாறும் இந்தக் குறைபாட்டை, அதாவது டிஸ்லெக்சியாவை, முதலில் கவனித்தவர்கள் பெரும்பாலும் கண் மருத்துவர்களே. டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1880-களில் உருவாக்கிய ஜெர்மானியர் ருடால்ஃப் பெர்லின் கண் மருத்துவர். கிளாஸ்கோவில் இதைப் பற்றி நிறைய எழுதிய ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட்டும் கண் அறுவை மருத்துவர். 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், கண் பார்வையில் குறையில்லை, ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியாது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். மார்கன் இதற்கு வைத்த பெயர் ‘பிறவிச் சொற்குருடு’. குருடு என்ற அந்தச் சொல்தான் இன்னும் நம்மைக் கண்ணின் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கையேடு நான்கு வேலைகளைச் சொல்கிறது: கண்ணை ஒருமுறை ஒழுங்காகச் சோதித்து அந்தக் கேள்வியை மூடுவது, பிள்ளையின் தவறுகளில் உருவத்தால் வருபவை எத்தனை, ஒலியால் வருபவை எத்தனை என்று பிரிப்பது, அதற்கேற்ப வாசிக்கும் பக்கத்தை அமைப்பது, உருவத்தை ஒலியோடு கட்டும் பயிற்சி கொடுப்பது.

மூளையில் நடப்பது என்ன

எழுத்து கண்ணின் விழித்திரையில் விழுந்து, மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற கடத்து நிலையம் வழியாக மூளையின் பின்பக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து இடது பக்கம், காதுக்குப் பின்னால் அடிப்பகுதியில் ஓர் இடம். எழுத்துக்கூட்டிப் படிக்காமல், பார்த்ததும் சொல்லாக அடையாளம் காண்பது அந்த இடத்தின் வேலை. 2000-இல் லோரன் கோஹன், ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லுருவப் பகுதி என்று பெயர் வைத்தார்கள். பிறக்கும்போது அந்த இடம் எழுத்துக்கென்று இருப்பதில்லை. முகம், பொருள் போன்றவற்றை அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டை வாசிப்புக்காக நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

டிஸ்லெக்சியா உள்ளவர்கள் வாசிக்கும்போது இந்தப் பகுதி மந்தமாக இயங்குவதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. 2001-இல் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களை ஒப்பிட்ட ஆய்விலும் இதே மந்தம். ‘பார்த்தீர்களா, பார்வைக் கோளாறுதான்’ என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்தப் பகுதி தானாகக் கூர்மையடைவதில்லை. எழுத்தையும் ஒலியையும் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பழகும்போதுதான் கூர்மையாகிறது. 2010-இல் வந்த ஓர் ஆய்வில், இன்னும் படிக்கத் தொடங்காத மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து–ஒலி இணைக்கும் கணினி விளையாட்டு கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் மொத்தமே நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் அந்தப் பகுதி எழுத்துக்கென்று தனியாக இயங்கத் தொடங்கிவிட்டது. கண்ணுக்குக் கொடுத்த பயிற்சி அல்ல அது. ஒலியோடு கட்டிய பயிற்சி.

இன்னொரு கதை அசைவுப் பார்வை. 1991-இல், இறந்த ஐந்து டிஸ்லெக்சியாக்காரர்களின் மூளையைப் பார்த்தவர்கள், தலாமஸில் வேகமான அசைவைக் கடத்தும் பெரிய செல்கள் சுமார் 27 சதவீதம் சிறியதாக இருந்ததாகச் சொன்னார்கள். 1996-இல் கினவீர் ஈடன் குழு, அசையும் புள்ளிகளைப் பார்க்கும்போது இவர்களின் மூளையில் அசைவுக்கான பகுதி சரியாக இயங்கவில்லை என்றது. அசைவுப் பார்வையைச் சரிசெய்தால் வாசிப்பு வரும் என்று ஒரு வியாபாரமே கிளம்பியது. அதே ஈடன் குழு 2013-இல் திரும்பி வந்து வேறு விதமாகச் சோதித்தது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளை, அதே வாசிப்புத் தரத்தில் இருக்கும் வயது குறைந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் காணாமல் போனது. வாசிப்புப் பயிற்சி கொடுத்த பிறகு அசைவுப் பகுதியின் இயக்கமும் கூடியது. குறைவாக வாசித்ததால் வந்த மந்தம் அது. வாசிப்பைக் கெடுத்த காரணம் அல்ல.

கண் தாவுவதும் அப்படியே. வரியை வாசிக்கும்போது நம் கண் நழுவிப் போவதில்லை. தாவித் தாவிப் போகிறது, ஒவ்வொரு இடத்திலும் கால் விநாடிபோல நிற்கிறது. டிஸ்லெக்சியா பிள்ளையின் கண் அதிக நேரம் நிற்கும், சிறிய தாவலாகத் தாவும், அடிக்கடி பின்னால் திரும்பும். தெலுங்கு எழுத்தை நேற்றுக் கற்ற பெரியவர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள், அவர் கண்ணும் அதையே செய்யும். வாசிப்பு தட்டுவதால் கண் தட்டுகிறது.

அப்படியானால் பார்வைக்குப் பங்கே இல்லையா? ஒன்று இருக்கிறது. அதுதான் எழுத்து நெரிசல். பார்வையின் நடுப்புள்ளியைத் தாண்டி இருக்கும் எழுத்து, பக்கத்து எழுத்துகளோடு குழம்பிப்போகும். நீங்களே பார்க்கலாம். முகத்தை ஒரு கை நீளத் தூரத்தில் வைத்து, + குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது ஓரத்தில் இருப்பதைச் சொல்லிப் பாருங்கள்:

\+ . . . . . . . . . . . . . ன

\+ . . . . . . . . . . . . . ணனள

முதல் வரியில் எழுத்து தெரியும். இரண்டாவதில் நடு எழுத்துக்கு எத்தனை சுழி என்று சொல்வதே கஷ்டம். அளவு மாறவில்லை, தூரம் மாறவில்லை. அக்கம்பக்கம் மாறியது, அவ்வளவுதான். இந்த நெரிசல் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் பலருக்கு மற்றவர்களைவிட அதிகம். 2012-இல் இத்தாலியிலும் பிரான்சிலும் 94 பிள்ளைகளிடம், 14 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்தில் இடைவெளியை மட்டும் 2.5 புள்ளி கூட்டிக் கொடுத்தபோது, எந்தப் பயிற்சியும் இல்லாமலே தவறுகள் பாதியாயின, வேகமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. செலவில்லாத உதவி. நோய்க்கு மருந்து அல்ல, ஊன்றுகோல்.

முதல் வேலை: கண் கணக்கை முடியுங்கள்

கண் மருத்துவரிடம் ஒருமுறை கட்டாயம் போக வேண்டும். ஆனால் கேட்டு வாங்க வேண்டிய சோதனைகள் சில உண்டு. பள்ளிக் கண் முகாமில் 6 மீட்டர் தூரத்து அட்டையைக் காட்டி ‘நன்றாகத் தெரிகிறது’ என்று அனுப்பிவிடுவார்கள். புத்தகம் 6 மீட்டரில் இல்லை. 33 முதல் 40 சென்டிமீட்டரில் கிட்டப் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணாடி எண் பார்க்கச் சொல்லுங்கள். தூரப் பார்வை, அதாவது கிட்டே உள்ளது தெளிவாகத் தெரியாத குறை, உள்ள பிள்ளை கண்ணை இறுக்கிச் சமாளித்து எண்ணை மறைத்துவிடும், சொட்டு விட்டால்தான் வெளியே வரும். மாறுகண், இரு கண்ணும் மூக்கை நோக்கிச் சேரும் திறன், இரண்டையும் கேளுங்கள்.

சேரும் திறனை வீட்டிலும் ஓரளவு பார்க்கலாம். பேனா முனையைக் கண் மட்டத்தில் பிடித்து மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். ‘இரண்டாகத் தெரிகிறது’ என்று சொல்லும் இடத்தை அல்லது ஒரு கண் வெளியே விலகும் இடத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் அளவுக்குக் கிட்டே வருவதற்கு முன்பே பிரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தக் குறைக்குப் பயிற்சி உண்டு. தலைவலி, எழுத்து இரட்டையாகத் தெரிவது இவையெல்லாம் குறையும். ஆனால் வாசிப்பு தானாக வந்துவிடாது. 2019-இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையில், அந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் வாசித்துப் புரியும் திறன், போலிப் பயிற்சி பெற்றவர்களைவிட மேலாக உயரவில்லை.

காதையும் அதே வாரத்தில் சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்த பிள்ளைக்கு ஒலி மங்கலாகக் கேட்டிருக்கும். அது எழுத்துப் பிழையாக வெளியே வரும்.

இரண்டாவது வேலை: தவறுகளைப் பிரியுங்கள்

ஒரு வகுப்பு கீழே உள்ள பாடப்புத்தகத்திலிருந்து, பிள்ளை முன்பு வாசித்திராத 100 சொல் பகுதியை எடுங்கள். மனப்பாடம் ஆன பாடம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பான். கைபேசியில் பதிவு போடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், தலையசைக்காதீர்கள். பிறகு பதிவைக் கேட்டு, பிழையான சொல்லை எழுதி, அவன் சொன்னதைப் பக்கத்தில் அப்படியே எழுதுங்கள். ‘தவறு’ என்று பெருக்கல் குறி போட்டால் பயனில்லை. என்ன சொன்னான் என்பதில்தான் செய்தி இருக்கிறது.

பிறகு கீழே உள்ள வகைகளில் போடுங்கள்.

உருவம் ஒத்தவை. இதில் தமிழின் பெரிய பொறி ரகரமும் துணைக்காலும். ‘ர’வுக்குக் கீழே சிறு கோடு, ‘ா’வுக்கு இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அதுவும் பல எழுத்துருக்களில் ர், ரி, ரீ என்று வரும்போது அந்தக் கீழ்க்கோடும் போய்விடும். ‘பார்’ என்ற சொல்லில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் நிற்பது ஒரே வடிவம்; மேலே புள்ளி மட்டும்தான் சாட்சி. ழ–மு, கு–சு, க–த, ஐ–ஜ இவையும் இந்த வகை. ‘கௌ’வின் கடைசித் துண்டு ளகரம் போலவே இருப்பதால் ‘கெள’ என்று வாசிப்பதும் இதில் சேரும். அந்தத் தவறுக்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, எழுத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஒலி ஒத்தவை. ன–ந, ல–ள–ழ, ர–ற. உருவத்தில் நல்ல வேறுபாடு உண்டு. இவை வாசிப்பில் குறைவாகவும் சொல்வதெழுதலில் அதிகமாகவும் வரும். இதற்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை. ண–ன மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்தது: மூன்று சுழி, இரண்டு சுழி என்று உருவமும் நெருக்கம், ஒலியும் நெருக்கம். அதைத் தனியாக எண்ணுங்கள்.

கொம்பு இடம் மாறியவை. ஆங்கிலத்தில் இல்லாத சிக்கல் இது. ெ, ே, ை மூன்றும் ஒலியில் மெய்க்குப் பின்னால் வருகின்றன, எழுத்தில் முன்னால் நிற்கின்றன. ‘மலை’யில் ‘ை’ மகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவில் நிற்கிறது. அது யாருடையது? பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பழகாதவன் இடப்பக்கம் உள்ள மகரத்தோடு ஒட்டினால் ‘மைல’. ‘கடை’ ‘கைட’ ஆவதும் இப்படித்தான். எழுத்துகள் மூளையில் துள்ளி இடம் மாறவில்லை. ஒட்ட வேண்டிய பக்கம் தெரியவில்லை. சொல்லின் முதலிலேயே கொம்பு வரும் ‘பெட்டி’, ‘மேகம்’ இவற்றில் பிழை இல்லாமல், நடுவில் வரும்போது மட்டும் பிழை வந்தால் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

விட்டுப்போனவை. புள்ளி, கால், சொல்லின் கடைசி எழுத்து. ‘கோவில்’ ‘கேவில்’ ஆவது இங்கே.

ஊகம். முதல் எழுத்து சரி, மீதி கற்பனை. ‘கதவு’ இருந்த இடத்தில் ‘கதை’, ‘பள்ளிக்கூடம்’ இருந்த இடத்தில் ‘பள்ளம்’.

இனி இரண்டு சிறு சோதனைகள். பகுதியில் தவறிய 20 சொற்களைத் தனித்தனி அட்டையில் பெரிதாக எழுதி, மறுநாள் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பத்தியில் தவறியவற்றில் பாதிக்கு மேல் அட்டையில் சரியாக வந்தால் நெரிசலுக்குப் பங்கு இருக்கிறது. அட்டையிலும் அதே தவறு என்றால் பக்க அமைப்பை மாற்றிப் பெரிய லாபம் இல்லை. இரண்டாவது, பொருளில்லாச் சொற்கள் பத்து: டமிபு, கோலப், நெடாமு, சைதுக என்பதுபோல. பழக்கமான சொற்களை ஓரளவு வாசித்து, இவற்றில் விழுந்தால், அவன் சொல்லின் தோற்றத்தை வைத்துச் சமாளிக்கிறான். எழுத்தை ஒலியாக்கத் தெரியவில்லை. டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான பிள்ளைகள் விழுவது இங்கேதான்.

ஆங்கிலத்தில் b–d மாறுவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முகம் என்று பார்க்கவே மூளை பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை எழுத்துக்காக விட வேண்டும். ஏழு வயது வரை பல பிள்ளைகளுக்கு இது தடுமாறும். தமிழில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்த ஜோடி இல்லை என்றே சொல்லலாம். ஆகவே தமிழில் இந்த வகைப் பிழை வராததால் ‘தமிழில் டிஸ்லெக்சியா இல்லை’ என்று நினைப்பதும் தப்பு.

மூன்றாவது வேலை: பக்கத்தை விரியுங்கள்

தமிழுக்கு 18 புள்ளி எழுத்தளவு, வரிக்கு வரி ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இடைவெளி, வரிக்கு ஐந்து ஆறு சொற்களுக்கு மேல் வேண்டாம். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். இரண்டு ஓரமும் நேராக்கினால் சொல் இடைவெளி வரிக்கு வரி மாறும். பளபளப்பில்லாத வெளிர்மஞ்சள் தாள் நல்லது. ஒரே பக்கம் அச்சிடுங்கள், பின்பக்க மை தெரியக் கூடாது.

எழுத்து இடைவெளியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன 2.5 புள்ளி இலத்தீன் எழுத்துக்கான கணக்கு. தமிழில் அதை அப்படியே போட்டால், சில மென்பொருள்களில் கொம்பும் மெய்யும் பிரிந்து தனித்தனியாக நிற்கும். ‘லை’ என்ற ஒரு துண்டு இரண்டு துண்டாகிவிடும். கொம்பு யாருடையது என்ற குழப்பத்தைத் தீர்க்கப் போய் அதை இரட்டிப்பாக்கிய கதை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஒவ்வொரு துண்டும் தனி எழுத்தாகவே தட்டப்படுவதால், அங்கே பிரிவது நிச்சயம். யூனிகோடு எழுத்துரு போடுங்கள், 1.5 புள்ளியில் தொடங்கி ‘மலையோரம்’ என்று அச்சடித்துப் பாருங்கள். ‘லை’யும் ‘யோ’வும் ஒட்டி நின்றால் சரி. பிரிந்தால் அந்த அமைப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் சிறிய அளவு வெற்றிடத்தைக் கையால் போடுங்கள். 40 சொல் பகுதிக்குப் பத்து நிமிட வேலை.

எழுத்தை விலக்கினால் சொல்லையும் விலக்க வேண்டும். இதை மறந்தால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீள வாலாகத் தெரியும். சாதாரண இடைவெளிபோல இரண்டு மடங்கு வையுங்கள்.

எழுத்துரு தேர்வுக்கு ஒரே சோதனை: ‘பாரம்’ என்று அடித்துப் பாருங்கள். நடுவில் நிற்கும் காலும் ரகரமும் கை நீளத் தூரத்தில் வேறுபட்டுத் தெரிய வேண்டும். ‘ண’வின் சுழிகளுக்குள் வெள்ளை தெரிய வேண்டும், தடித்த எழுத்தில் அது அடைந்துவிடும். டிஸ்லெக்சியாவுக்கென்றே வரைந்த ஆங்கில எழுத்துருக்கள் விற்கிறார்கள். அவற்றில் கிடைக்கும் கொஞ்ச நஞ்ச லாபமும் எழுத்தின் வடிவத்தால் அல்ல, அதிக இடைவெளியால் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

பாடப்புத்தகத்தை மாற்ற முடியாது. அதற்கு ஜன்னல் அட்டை. கறுப்புச் சார்ட் தாளில் 16 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நடுவில் 6 சென்டிமீட்டர் நீளம், 1.2 சென்டிமீட்டர் உயரத்தில் ஜன்னல் வெட்டுங்கள். உயரத்தைப் புத்தகத்தின் எழுத்தோடு வைத்துச் சரிபாருங்கள்: மேல் விலங்கும் (‘கி’யின் மேல் வளைவு) கீழ் விலங்கும் (‘கு’வின் கீழ் வளைவு) முழுதாகத் தெரிய வேண்டும், அடுத்த வரி தெரியக் கூடாது. ‘கூ’வின் வால் வெட்டுப்பட்டால் அது ‘கு’ ஆகிவிடும். அட்டையைப் பிள்ளையே நகர்த்தட்டும். நீங்கள் நகர்த்தினால் வேகம் உங்களுடையதாகிவிடும்.

நான்காவது வேலை: உருவத்தை ஒலியோடு கட்டுங்கள்

இதுதான் உண்மையான வேலை. மேலே சொன்னதெல்லாம் இதற்கு வழிவிடுவதே. நாளுக்கு 25 நிமிடம், வாரம் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது.

முதல் ஐந்து நிமிடம் எழுத்தே வேண்டாம், காது மட்டும். ‘கதவு’, முதல் எழுத்தை எடுத்தால்? ‘தவு’. ‘பாம்பு’வில் எத்தனை எழுத்து கேட்கிறது? ல், ஐ சேர்ந்தால்? ‘லை’. கடைசி வகைதான் கொம்புச் சிக்கலுக்கு வேர் மருந்து.

அடுத்த எட்டு நிமிடம் அட்டை. 4 சென்டிமீட்டர் சதுரம். அரிச்சுவடி வரிசையில் போகாதீர்கள். 247 எழுத்தையும் வரிசையாக முடிக்கும் வரை ஒரு சொல்லும் வாசிக்காத பிள்ளை நொந்துவிடும். ட, ப, ம, க, புள்ளி என்று தொடங்கினால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம், கட்டம், பக்கம் எல்லாம் வாசிக்கலாம். கொம்பு எழுத்துகளுக்கு முதலில் ‘லை’, ‘டை’, ‘தை’ என்று ஒரே அட்டை, கொம்பும் மெய்யும் ஒரே நிறம், சுற்றிலும் ஒரு கட்டம். அது ஒரே ஆள் என்று பழகிய பிறகு, மெய்யையும் கொம்பையும் தனி அட்டையாக்கி, ‘ல்... ஐ... லை’ என்று சொல்லியபடியே கொம்பை எடுத்து இடப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். வாய் சொல்லும் வரிசை ஒன்று, கை வைக்கும் இடம் ஒன்று என்பதைக் கையே கற்றுக்கொள்ளும். பிறகு ‘மலை’, ‘மைல்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் மணல் தட்டு. விரலால் பெரிதாக எழுதி, எழுதும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். மௌனமாக எழுதினால் அது ஓவியம். இது வெளிநாட்டிலிருந்து வந்த முறை என்று நினைக்க வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிச் சொன்னதைப் பார்த்துத்தான், 1789 முதல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைத் தன் வகுப்பில் வைத்தார். அவர் வகுத்த முறை ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குப் போயிற்று.

மீதி ஏழு நிமிடம் வாசிப்பு. நூறு சொல்லில் தொண்ணூற்றைந்து சொல்லாவது பிள்ளைக்கு வரும் அளவில் இருக்கட்டும். தட்டினால் மூன்று விநாடி பொறுங்கள், பிறகு எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லாதீர்கள். ஊகிப்பதில் அவன் ஏற்கெனவே தேர்ந்தவன்.

ஒத்த எழுத்துகளை ஒரே நாளில் ஒப்பிட்டுச் சொல்லித்தருவதுதான் ஆசிரியர்கள் அதிகம் செய்யும் பிழை. ‘இது மூணு சுழி, இது ரெண்டு சுழி’ என்று சேர்த்துச் சொன்னால், ‘இரண்டில் ஒன்று’ என்றுதான் மனதில் நிற்கும். எது எது என்று நிற்காது. ஒன்று தடுமாறாமல் வந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து மற்றது. அதற்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. ண், ந், ன் மூன்றில் டகரத்துக்கு முன் ண் மட்டும் வரும், தகரத்துக்கு முன் ந் மட்டும், றகரத்துக்கு முன் ன் மட்டும். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களே அதைச் சொல்கின்றன. ‘ண்ட’ என்பதை ஒரே அட்டையாக்கி வண்டி, நண்டு, மண்டபம்; பிறகு ‘ந்த’: பந்து, சந்தை; பிறகு ‘ன்ற’: கன்று, நின்றான். சுழி எண்ண வேண்டிய அவசியமே பாதி இடங்களில் போய்விடும்.

இம்போசிஷன் வேண்டாம். பத்து முறை எழுதச் சொன்னால் முதல் முறை சொல்லைப் பார்ப்பான், மற்ற ஒன்பது முறையும் மேல் வரியைப் பார்ப்பான். முதலில் பிழையாக எழுதியிருந்தால் அந்தப் பிழையை ஒன்பது முறை பழகிக்கொள்வான்.

யாராவது வண்ணக் கண்ணாடி விற்க வந்தால்

1980-களிலிருந்து வண்ணத் தாள் (பக்கத்தின் மேல் வைத்துப் படிக்கும் ஒளி ஊடுருவும் தாள்), வண்ணக் கண்ணாடி ஆகியவை வாசிப்பைச் சரிசெய்யும் என்று சொல்லப்படுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் கண் மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், டிஸ்லெக்சியாவுக்கு இவற்றையும் கண் பயிற்சியையும் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்றே சொல்லின. ‘என் பிள்ளைக்கு உதவுகிறதே’ என்றால், காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே சோதியுங்கள். ஒரே தரத்தில் நான்கு பகுதிகள். முதல் நாள் வண்ணத் தாள் இல்லாமல், இரண்டாம் நாள் தாளோடு, மூன்றாம் நாள் தாளோடு, நான்காம் நாள் இல்லாமல். ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொல்லை எண்ணுங்கள். இந்த வரிசை ஏன்? நாளுக்கு நாள் பழக்கத்தால் வரும் முன்னேற்றம் இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போகும். புதுச் சாமானைக் கண்ட உற்சாகமும் கணக்கில் வரும் என்பதால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். விரிந்த பக்கத்துக்கும் ஜன்னல் அட்டைக்கும் இதே சோதனை பொருந்தும். நாங்கள் சொல்கிறோம் என்பதற்காக அவற்றையும் நம்ப வேண்டியதில்லை.

அளவும், பள்ளியும், ஊன்றுகோலை எடுப்பதும்

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நிமிட வாசிப்பு, புதிய பகுதி, சரியான சொற்களின் எண்ணிக்கையைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வையுங்கள். ஒரு வாரம் இறங்கினால் பதற வேண்டாம், காய்ச்சலாக இருந்திருக்கும். பன்னிரண்டு வாரமும் கோடு படுத்தே கிடந்தால், எழுத்து–ஒலி வேலையில் எங்கோ படியை விட்டிருக்கிறீர்கள். பொருளில்லாச் சொற்கள் சோதனைக்குத் திரும்புங்கள்.

முறையான மதிப்பீட்டுக்கு இந்தப் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். மதிப்பிடுபவரிடம் தமிழிலும் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், மொழி தெரியாதது எது, வாசிக்க வராதது எது என்று பிரிக்க முடியாது. உங்கள் தவறுப் பட்டியலையும் பதிவையும் கொண்டுபோங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று; சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். வகுப்பாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது இன்னும் எளியது: முன்னறிவிப்பில்லாமல் எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம்; பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் ஒரு பிரதி கொடுங்கள்.

விரிந்த பக்கம் நிரந்தரம் அல்ல. வெள்ளிக்கிழமைக் கோடு ஆறு வாரம் தொடர்ந்து ஏறினால், எழுத்து இடைவெளியை அரைப் புள்ளி குறையுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். பிழை கூடவில்லை என்றால் இன்னொரு அரைப் புள்ளி. கூடினால் பழைய அளவுக்கே போய் ஒரு மாதம் நில்லுங்கள். ஜன்னல் அட்டையை நீங்கள் எடுத்து வைக்க வேண்டாம். ஒரு நாள் அவனே அதைப் புத்தகத்துக்குள் பக்க அடையாளமாகச் செருகி வைத்திருப்பான்.